பிம்பத்தின் கண்

பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையில் நிறுவப்பெற்ற பிரான்ஸிஸ் லைட்டின் வெண்கலச் சிலை, அவர் இத்தீவைக் கைக்கொண்ட 1786-ஆம் ஆண்டிலிருந்து நூற்றைம்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும் பொருட்டு 1936-இல் செய்விக்கப்பட்டது என்பதும், அவருடைய உண்மையான முகச்சாயலைக் காட்டும் ஓவியம் ஒன்றேனும் கிடைக்காமையால் அவருடைய புதல்வர் வில்லியம் லைட்டின் முகத்தை ஆதாரமாகக் கொண்டே சிற்பி தந்தையின் முகத்தை உருவாக்கினார் என்பதும் இவ்வூரில் பலரும் அறிந்த செய்திகள். பெயர் இருந்தது, முகம் இல்லை. ஆகவே முகம் ஒன்று தேடிக் கொடுக்கப்பட்டது. இதே ஜார்ஜ் டவுனில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பற் பிரயாணிகளுக்கென்று அச்சிட்டு விற்ற படத் தபால் கார்டுகளில், நெற்றிச் சுருக்கமும் காதில் தொங்கும் பாம்படமும் கழுத்து நரம்பும் தெளிவாகத் தெரியும்படி தமிழ் ஆண்களும் பெண்களும் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களுக்கு முகம் இருக்கிறது, பெயர் இல்லை. அப்பெயரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டுமென்று படம் எடுத்தவருக்கும் தோன்றவில்லை, அச்சிட்டவருக்கும் தோன்றவில்லை, சில காசு கொடுத்து வாங்கித் தன் தேசத்துக்கு அனுப்பியவருக்கும் தோன்றவில்லை.

மனிதனை உருவமாக்கும் செயலில் எந்த இடத்தில் மரியாதை முடிந்து அவமதிப்புத் தொடங்குகிறது என்பதும், அவமதிப்பிலிருந்து பிறந்த உருவங்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாப்பவன் புண்ணியம் செய்கிறானா அல்லது பழைய பாவத்துக்குப் புது ஆயுள் கொடுக்கிறானா என்பதும், கலை விமரிசகர்களோடும் சரித்திர ஆசிரியர்களோடும் நின்றுவிடக்கூடிய கேள்விகள் அல்ல. உருவத்தின் முன் கைகூப்பி நின்றே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கடவுளை உணர்ந்து வந்த ஒரு ஜனசமூகத்துக்கு, உருவம் என்பது சமயத்தின் உயிர்நாடியைச் சேர்ந்த விஷயம். ஆகையால் நம்முடைய சிற்ப சாஸ்திரமும் சைவ சித்தாந்தமும் இக்கேள்விகளுக்கு என்ன விடை தரும் என்று வினவிப் பார்க்க விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862-ஆம் ஆண்டில் இக்கடற்பகுதிக்கு வந்து, பினாங்கிலும் எதிர்க்கரையிலிருந்த வெல்லெஸ்லி மாகாணத்திலும் பல மாதங்கள் தங்கித் தோட்டங்களையும் வீதிகளையும் பலவகை மக்களையும் படம் பிடித்தார். அக்காலத்தில் படம் பிடிப்பதென்பது விரலசைவில் முடிகிற காரியம் அன்று. கண்ணாடித் தகட்டில் ரசாயனத் திரவத்தைப் பூசி, அது உலருமுன் படம் எடுத்து, உடனே கழுவி, பின்னர் முட்டை வெண்கரு பூசிய காகிதத்தின்மேல் அத்தகட்டைப் பொருத்தி வெயிலில் வைத்து, உருவம் தானே தெளிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வேலைக்குச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த இருவரைப் பழக்கித் துணையாக வைத்துக்கொண்டதாகத் தாம்சன் 1875-இல் வெளியான தம் பிரயாண நூலில் கூறுகிறார். அந்த ராஜதானியிலிருந்து இக்கரைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழரே என்பதை நினைக்கும்போது, இத்தீவின் மிகப் பழைய படங்கள் சிலவற்றில் முகங்கள் காகிதத்தின்மீது மெல்லத் தெளிவதை முதலிற் கண்ட கண்கள் தமிழ்க் கண்களாக இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் என் உள்ளத்தைப் பற்றிக்கொள்கிறது. கைத்தொழில் ஆரம்பத்திலிருந்தே நம்மவர் கையில் இருந்தது. யாரை, எந்த நோக்கோடு, எந்த வாசகத்தின் கீழ் நிறுத்துவது என்ற தீர்மானந்தான் நம்மவரிடம் இல்லை.

தாம்சனுக்குப் பிறகு 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பெர்ட் கம்பெனியும், பினாங்கில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெர்மானியர் கௌல்புஸ்ஸும் இத்தொழிலைப் பெருக்கினார்கள். நூற்றாண்டின் முடிவில் படத் தபால் கார்டு என்னும் புதுப் பண்டம் வந்ததும், அதுவரை பணக்காரர் வீட்டு ஆல்பங்களில் அடங்கியிருந்த முகங்கள் கடைவீதிச் சரக்காயின. மால்கம் வேடும் கூ சல்மா நசுத்தியோனும் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட நூல், 1899 முதல் 1930-கள் வரை வெளிவந்த பினாங்குத் தபால் கார்டுகளைத் தொகுத்துத் தருகிறது. அரசாங்கமும் சர்வகலாசாலையும் குப்பையென்று கருதிய துண்டுக் காகிதங்களைத் தனி மனிதரின் சிரத்தை காப்பாற்றி வைத்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்; இத்தகைய சேகரிப்பாளர் சிலர் இல்லாவிடின், நம் பாட்டன்மார் நடந்த வீதிகளின் தோற்றம் நமக்கு முழுவதும் மறைந்தே போயிருக்கும்.

ஆயினும் அக்காலத்துக் கார்டுகளைப் பார்த்துக்கொண்டு போகையில் ஒரு விஷயம் நெஞ்சை உறுத்துகிறது. மாளிகைகளுக்குப் பெயர் உண்டு. வீதிகளுக்குப் பெயர் உண்டு. நீர்வீழ்ச்சிக்கும் மலை ரயிலுக்கும் பெயர் உண்டு. மாட்டுவண்டிக்காரரும், மரத்தடியில் உட்கார்ந்து சவரம் செய்பவரும், திருநீறணிந்த மார்போடு நிற்கும் செட்டியாரும், மூக்குத்தியும் கண்டாங்கியுமாக நிறுத்தப்பட்ட தோட்டத்துப் பெண்ணும் வரும்போது மட்டும், தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்த ‘கிளிங்’ என்ற ஒரு சொல்லும், அதனோடு தொழிலைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் அடியில் நிற்கின்றன. இக்கார்டுகள் தோன்றுவதற்கு முன்பே நாகூர் குலாம் காதிறு நாவலர் இப்பினாங்கிலிருந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தியிருக்கிறார் என்பதையும், குயின் வீதியில் 1833 முதல் மாரியம்மன் கோயில் வழிபாட்டில் இருந்திருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால், புகைப்படக் கருவியின் முன் நின்றவர்கள் பெயரும் கல்வியும் கோத்திரமும் தெய்வமும் உடைய ஒரு சமூகத்தினர் என்பது விளங்கும். அவ்வளவையும் கருவி கண்டது. அடியில் எழுதிய கை காணவில்லை.

இது தற்செயலான அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னே அக்காலத்து விஞ்ஞானத்தின் பலம் இருந்தது. 1869-இல் தாமஸ் ஹக்ஸ்லி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பல இனத்தாரையும் ஆடையின்றி நேராகவும் பக்கவாட்டிலும் அளவுகோலோடு நிறுத்திப் படம் எடுத்தனுப்ப வேண்டுமென்று ஒரு திட்டம் வகுத்தார். அதே காலத்தில் ஜான் லாம்ப்ரே என்பவர், இரண்டங்குலச் சதுரங்களாகப் பட்டுநூல் கட்டிய சட்டத்தின் முன் மனிதரை நிறுத்தினால் ஒருவன் உடலை மற்றொருவன் உடலோடு எளிதில் ஒப்பிடலாம் என்று முறை சொன்னார். 1868 முதல் 1875 வரை எட்டுப் பாகங்களாக இந்திய மக்களைப் படங்களாக வரிசைப்படுத்திய பெருநூல் வெளிவந்தது. சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் தலையும் மூக்கும் அளக்கும் கருவிகளோடு நம் நாட்டு ஜாதிகளை ஆராய்ந்து, 1909-இல் ஏழு பாகங்களில் எழுதி முடித்தார். இந்நூல்களில் பல அரிய செய்திகள் உண்டு. நானும் அவற்றால் பயனடைந்தவனே. எனினும், ஒரு மனிதனைப் பார்க்கும்போதே அவனை அவனுடைய கூட்டத்தின் மாதிரியாக மட்டும் பார்க்கும் பழக்கம் அறிவின் பெயரால் கௌரவம் பெற்றது இவற்றால்தான். கடைவீதித் தபால் கார்டு அந்தப் பண்டிதப் பார்வையின் மலிவுப் பதிப்பு.

அதற்கும் முந்திய ஒரு வழக்கத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இந்நீரிணைப் பகுதிகளில் உழைத்த கைதிகள் பலருடைய நெற்றியில், அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி எழுதியிருந்தார்கள். 1849-இல்தான் அவ்வழக்கத்தை நீக்கினார்கள். இன்று உல்லாசப் பிரயாணிகள் வியந்து நோக்கும் 1818-ஆம் ஆண்டுச் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதில் கைதிகளின் உழைப்பு உண்டு. நெற்றியில் எழுதிய எழுத்து முகத்தை மறைத்தது; படத்தின் அடியில் எழுதிய எழுத்தும் அதே காரியத்தைத்தான், வலியில்லாமல், தொலைவிலிருந்து செய்தது.

இங்கே பூர்வபட்சம் ஒன்று எழும். அதை அலட்சியம் செய்தால் நம் வாதம் நேர்மையுள்ளதாகாது. ‘மனிதனை மாதிரியாகக் காட்டியது குற்றம் என்கிறீர்களே, உங்கள் சிற்ப சாஸ்திரம் செய்ததும் அதுதானே? சோழர் காலத்து ஸ்தபதி எந்த ஒரு தனி மனிதனின் மூக்கையும் பார்த்து நடராஜருக்கு மூக்கு வைக்கவில்லையே. தியான சுலோகமும் தாளப் பிரமாணமும் சொன்னபடி, லட்சணம் பிறழாத ஒரு பொது வடிவத்தைத்தானே வார்த்தான்?’ என்று ஒருவர் கேட்கலாம். இத்தடையின் முழு வலிமையையும் எடுத்துக் காட்டியவர் நம்மவரே ஆவார். 1877-இல் கொழும்பில் சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராய்ப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தெய்வ வடிவங்களைச் செய்வது சுவர்க்கத்துக்கு வழி, மனித உருவங்களை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது நன்மை தராது என்னும் சுக்கிர நீதியின் கருத்தை எடுத்தாண்டு, நம் முன்னோர் முகச்சாயலைப் பெரிதாக மதிக்கவில்லை என்றும், மறைந்த அரசனுக்கோ அரசிக்கோ பிரதிமை செய்யும்போதுகூட அவர்களுடைய லட்சிய வடிவத்தையே செய்தார்கள் என்றும் விரிவாக விளக்கியிருக்கிறார். அவ்வாறாயின், பொதுமைப்படுத்தல் என்பதையே பாவமாகக் கொண்டு தபால் கார்டைக் கண்டிக்க நமக்கு உரிமை இல்லை. வேற்றுமையை வேறிடத்தில் தேட வேண்டும்.

அதைத் தேடிச் செல்லும் வழியில் நயனோன்மீலனம் என்னும் கிரியை எனக்கு விளக்காகத் தோன்றுகிறது. திருவுருவத்தின் அங்கங்கள் யாவும் நிறைந்த பின்னும் அது கல்லாகவும் உலோகமாகவுமே இருக்கிறது. ஸ்தபதி பொன்னூசி கொண்டு கண்ணைத் திறக்கும் கணத்தில்தான் அது நோக்கும் தகுதியைப் பெறுகிறது. அவ்வாறு திறந்த கண்ணுக்கு முதலில் கன்றோடு கூடிய பசுவையும் தானியக் குவியலையும் பிற மங்கலப் பொருள்களையும் காட்டுகிறார்கள். பிரதிமையை நாம் பார்ப்பதற்கு முன் அது உலகத்தைப் பார்க்க வேண்டுமென்று விதித்த அறிவு எத்தகைய அறிவு! கோயிலுக்குப் போகிற எந்தத் தமிழ்ப் பாட்டியும் சுவாமி தன்னைப் பார்த்தான் என்பதையே பெரிதாகச் சொல்வாள். தான் அவனைப் பார்த்ததை அடுத்தபடியாகத்தான் சொல்வாள். தரிசனம் என்பது இருவழிப் பார்வை. தெய்வ வடிவத்தின் பொதுமை, முன்னே நிற்பவனைத் தன்னை நோக்கி உயர்த்துகிறது. அவன் குறைவை அவனுக்குக் காட்டி, அவன் ஆகக்கூடிய நிறைவையும் காட்டுகிறது. தபால் கார்டின் பொதுமையோ, பார்ப்பவனிடம் எதையும் கேட்பதில்லை. அவன் முன்பே கொண்டிருந்த அபிப்பிராயத்தை உறுதி செய்து அவனை அப்படியே இருக்கவிடுகிறது. படத்திலுள்ளவரின் கண் திறந்தேயிருக்கிறது. ஆனால் அக்கண்ணுக்குப் பார்க்கும் அதிகாரம் மறுக்கப்பட்டிருக்கிறது.

இம்மறுப்பினால் தீங்கு யாருக்கு என்று கேட்டால், படத்தில் நின்றவருக்கு மட்டும் என்று எண்ணுவோம். சைவ சித்தாந்தம் வேறொன்று சொல்கிறது. மெய்கண்டார் வகுத்த நெறியில், உயிர் தனித்து நிற்பதன்று. அது எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகிவிடும் இயல்பினது. பளிங்கின் அருகில் எந்த நிறத்தை வைத்தாலும் பளிங்கு அந்நிறமாகவே தோன்றுவதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். அப்படியானால், மனிதனை மாதிரியாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய உயிர் அப்பார்வையின் வண்ணத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. பிறனைச் சரக்காகக் காண்பவன், காணும் அளவுக்குத் தன்னுள்ளும் சைதன்யம் மங்கிச் சரக்குத்தன்மை அடைகிறான். இனத்துவேஷத்தைப் பிறருக்கு இழைக்கும் அநீதியாக மட்டும் கருதாமல், அதைக் கொண்டிருப்பவனுடைய ஆணவ மலத்தின் ஒரு தடித்த படலமாகவும் கருத வேண்டியதற்கு நம் தத்துவம் தரும் காரணம் இது. படத்தில் நின்ற வண்டிக்காரர் தம் வேலை முடிந்து வீடு போய்ப் பிள்ளைகளோடு உண்டு உறங்கியிருப்பார். அவரிடமிருந்து எதையும் எடுக்க முடிந்திராது. பார்த்தவனுக்கே நோய் தங்கியது.

அந்நோய் தெய்வ வடிவத்தின் முன்னும் தணிவதில்லை என்பதற்கு 1910-இல் லண்டனில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்று. ஆங்கிலக் கலை அறிஞர் ஹாவெல் இந்தியக் கலையைப் பற்றிப் பேசிய சபையில் தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியாவுக்கு உயர்கலை என்பதே இல்லையென்று கூறி, ஜாவாவைச் சேர்ந்த தியான புத்தர் சிலை ஒன்றைக் கொழுப்பிட்டு அவித்த மாவுப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். பேர்ட்வுட் நம் நாட்டிலேயே பிறந்தவர். நம் கைத்தொழில்களைப் புகழ்ந்து 1880-இல் பெரிய நூலே எழுதியவர். கம்பளத்தையும் குடத்தையும் போற்றிய அதே உள்ளம், அவற்றைச் செய்தவனுக்குத் தியானம் என்று ஒன்று உண்டென்பதை ஏற்க மறுத்தது. பேர்ட்வுட்டின் கூற்றை மறுத்து ஆங்கிலக் கலைஞரும் அறிஞருமாகப் பதின்மூவர் பத்திரிகையில் கடிதம் எழுதினார்கள். அவ்வாண்டிலேயே இந்தியக் கலைக்கென்று ஒரு சங்கமும் லண்டனில் தோன்றியது. அம்முயற்சியின் நடுவில் நின்ற குமாரசுவாமி, வாதத்தோடு நிற்காமல் சேகரிப்பில் இறங்கினார். ஓவியமும் பிரதிமையுமாகத் தாம் சேர்த்தவற்றைக் கொண்டு இந்தியாவிலேயே ஒரு தேசியக் கலைக்கூடம் அமைய வேண்டுமென்று விரும்பினார். நம் நாடு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1917-இல் அச்செல்வம் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்துக்குச் சென்றது. அவரும் அதன் காப்பாளராய் உடன் சென்று 1947-இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படங்களை 1924-இல் அக்கலைக்கூடத்துக்குப் பெற்றுத் தந்தவரும் அவரே. புகைப்படத்தைச் சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் சமமாகப் பாதுகாக்கத் தக்க கலையென்று கலைக்கூடங்கள் பலவும் ஒப்புக்கொள்ளாத நாளில், அதற்கு இடம் தேடித் தந்தவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழ் மரபினர் என்பது நாம் மேலும் அறிந்து போற்ற வேண்டிய செய்தி. பொருட்காட்சிசாலையில் வைப்பதற்கென்று எந்த நல்ல கலைப்பொருளும் செய்யப்பட்டதன்று. அதைச் செய்தவனின் வாழ்க்கையையும் நோக்கத்தையும் காண்பவனுக்கு உணர்த்தினாலன்றிக் காட்சிக்கு வைப்பதில் பயனில்லை என்பது அவருடைய கொள்கை. இக்கொள்கையைத் தபால் கார்டுக்கும் பொருத்திக் காண வேண்டும்.

அதற்கு முன், வெள்ளையரைக் குறைகூறிவிட்டு நாம் மட்டும் தூயவராக விலகிக்கொள்ள இடமில்லை. கேமரா வருமுன்பே மனிதனை மாதிரியாகக் காணும் கலையில் நாம் தேர்ந்திருந்தோம். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் திருப்புன்கூரில் வெளியே நின்று இறைவனைக் காண ஏங்கியபோது நடுவில் கிடந்த நந்தி விலகிற்று. கல் விலகியது, மனிதர் விலகவில்லை. இக்கதையைப் பல நூற்றாண்டு பக்தியோடு படித்துக்கொண்டே, கோயில் வாயிலில் மனிதரை ஜாதியாக நிறுத்தி வைத்தோம். பெரியார் 1929 டிசம்பரில் இதே பினாங்குத் துறையில் இறங்கி மலாயாத் தமிழரிடையே பேசியபோது, கப்பலில் ஏறிய ஜாதி கடலில் கரைந்துவிடவில்லை என்பதைத்தான் பேச வேண்டியிருந்தது. அவருடைய நாஸ்திகத்தை ஏற்காதவன் நான். அவர் சுட்டிய நோயை மறுக்க எனக்கு நா எழவில்லை. பெண் பார்க்கும் படலத்துக்கென்று ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் கறுத்த முகத்தைத் தூரிகையால் வெளுப்பாக்கித் தரச் சொன்ன பெற்றோர் எத்தனை பேர்! இன்று தூரிகையின் இடத்தில் கைப்பேசி வந்திருக்கிறது, அவ்வளவே. பெற்ற மகளின் முகத்தையே வேறொரு மாதிரிக்குத் திருத்தும் நாம், அந்நியன் நம்மை மாதிரியாக எடுத்த கார்டைக் கண்டு கொள்ளும் கோபத்தில் பாதி நம்மைக் குறித்ததாகவும் இருக்கட்டும்.

இனி, உடைப்பதா காப்பதா என்ற கேள்வி. அமெரிக்காவில் டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பின அறிஞர், தம் இனத்தாரை இழிவு செய்யும் பொம்மைகளையும் படங்களையும் பண்டங்களையும் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்து, 1996-இல் மிச்சிகன் மாநிலத்து பெரிஸ் சர்வகலாசாலைக்கு அளித்து, அவற்றைக் கொண்டே இனவெறி போதிக்கப்பட்ட முறையையும் அதை வெல்லும் முறையையும் கற்பிக்கும் ஒரு காட்சிசாலையை உருவாக்கினார். சிறுவனாயிருந்தபோது அத்தகைய பண்டம் ஒன்றை முதன்முதலாக வாங்கிய உடனே தரையில் அடித்து உடைத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். உடைத்த கையே பின்னால் காத்த கையாயிற்று. இரண்டும் ஒரே சிரத்தையின் இரு நிலைகள் என்று நான் கொள்கிறேன். ஆனால் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1850-இல் தென் கரோலினாவில் லூயி அகாஸி என்ற விஞ்ஞானியின் பொருட்டு ரெண்டி என்னும் அடிமையையும் அவர் மகள் டீலியாவையும் ஆடை களைந்து நிறுத்தி எடுத்த படங்கள் ஹார்வர்டில் இருந்தன. தம்மை ரெண்டியின் வழித்தோன்றல் என்று கூறிய பெண்மணி ஒருவர் பல ஆண்டுகள் வழக்காடிய பின், 2025-இல் அப்படங்கள் ஹார்வர்டின் கையை விட்டுத் தென் கரோலினாவிலேயே உள்ள ஆப்பிரிக்க அமெரிக்கப் பொருட்காட்சிசாலைக்குச் செல்வதென்று சமாதானம் ஏற்பட்டது. அறிவுக்காக வைத்திருக்கிறோம் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. எடுக்கும்போதே சம்மதம் இல்லாத உருவத்தை, எவ்வளவு நல்ல நோக்கோடு வைத்திருந்தாலும், வைத்திருப்பவன் உடைமையாளன் அல்லன். அடைக்கலப் பொருளைக் காப்பவன் மட்டுமே.

அடைக்கலம் காப்பவனுக்கு வரும் சோதனைகளில் கடுமையானது, சேர்க்கும் ஆசையன்று, இரக்கம். இம்முகங்களை ஒருசேர மாட்டி, ‘இதோ அடக்குமுறைக்கு ஆளானவர்கள்’ என்று அடியில் எழுதிவிட்டால், பழைய மாதிரியை எடுத்துவிட்டுப் புதிய மாதிரி ஒன்றை வைத்தவராவோம். அப்பெண் அன்று காலையில் சிரித்திருக்கலாம். படம் எடுத்தவரிடம் கூலி பேசி வாங்கியிருக்கலாம். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் தனக்குப் பிடித்தபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருக்கலாம். துன்பப்பட்டவர் என்ற ஒரே லட்சணத்தை ஏற்றினால் அந்தச் சாத்தியங்கள் யாவும் மறுபடி அழிகின்றன. காருண்யம் உண்மையானால் அது அறியாமையை ஒப்புக்கொள்ளும் அடக்கத்தோடு வரவேண்டும். இவ்விஷயத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நமக்கு ஆசிரியனாயிருக்கிறது. 1801-இல் அதை நிறுவிய காதர் முகைதீன் அவர்களுக்கு அங்கே எந்த உருவமும் இல்லை. இஸ்லாம் அதை வேண்டுவதில்லை. எனினும் இரு நூற்றாண்டுக்குப் பின்னும் அவர் பெயர் வழங்குகிறது; கம்போங் கோலம் வீதியில் அவர் அடக்கமான இடம் போற்றப்படுகிறது. உருவம் இல்லாமலே ஒரு மனிதரை முழுமையாக நினைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. உருவத்தைப் போற்றும் சைவனாகிய நான் அம்மார்க்கத்தின் எச்சரிக்கையை மதிக்கிறேன்: உருவம் மனிதனின் ஒரு சிறு பகுதி, பெயரும் செயலுமே பெரிது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் சந்நிதிக்குக் காவடி எடுத்துச் செல்பவர்களைச் சூழ்ந்து இன்று நிற்கும் கேமராக்கள் எத்தனை! வெள்ளி ரதத்துக்கு முன் தேங்காய் உடைக்கும் சீனச் சகோதரர்களின் சிரத்தையைப் பார்த்து மகிழ்கிறேன்; அவர்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை, வேண்டிக்கொள்ள வருகிறார்கள். அலகு குத்திய நாவையும் வியர்வை வழியும் முகத்தையும் மிக அருகில் நின்று எடுத்து, பெயரும் விரதமும் வேண்டுதலும் எதையும் கேளாமல், விசித்திரம் என்ற தலைப்பில் தூர தேசத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புபவரைக் காணும்போது, தபால் கார்டுக் காலம் முடிந்துவிட்டதென்று சொல்ல எனக்குத் துணிவு வருவதில்லை. அவர்களில் நம்மவரும் உண்டு. பக்தன் மலையேறுவது முருகன் தன்னைப் பார்க்கட்டும் என்று. இடையில் நிற்கும் கேமரா அவனைப் பார்க்கிறது, அவனால் பார்க்கப்படச் சம்மதிப்பதில்லை. படம் எடுக்கலாகாது என்பது என் கட்சி அன்று. நீராட்டத்திலிருந்து காவடி இறக்கும்வரை உடன் நடந்து, தண்ணீர் கொடுத்து, பெயர் கேட்டு, எடுத்த படத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படத்தில் உள்ள கண் நம்மைப் பார்க்கிறது.

ஆகவே பழைய கார்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு, அவர்களிடம் கொண்ட நன்றியோடேயே, சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அச்சிட்ட வாசகத்தை மறைத்து வெட்டி வெளியிட வேண்டாம். அது அவமதித்தவனின் கையெழுத்து, சாட்சியமாக நிற்கட்டும். ஆனால் அதையே நம்முடைய விளக்கமாகவும் திரும்ப எழுத வேண்டாம். எடுத்தவர் யார், அச்சிட்ட கம்பெனி எது, எந்த வீதி, எந்தக் காலம் என்பவற்றை அறிந்தவரையில் குறித்து, உருவத்திலுள்ளவரின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பதை வெளிப்படையாக எழுதி, அப்படங்களை ஜார்ஜ் டவுன் கண்காட்சி மண்டபத்தோடு நிறுத்தாமல் ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த், புக்கிட் மெர்த்தாஜாம் முதலிய இடங்களில் உள்ள கோயில் மண்டபங்களுக்கும் பள்ளிவாசல் முற்றங்களுக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே தொண்ணூறு வயதுக் கிழவிகள் இருக்கிறார்கள். தாயின் காதுப் பாம்படத்தையும் தகப்பன் தலைப்பாகை கட்டும் விதத்தையும் மறக்காதவர்கள். அவர்களில் யாராவது ஒருவர் ஒரு முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொன்னால், கார்டின் அடியில் உள்ள பழைய வாசகத்துக்கு மேலே அப்பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். அன்று முதல் அப்படத்தை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டலாகாது என்று தீர்மானிக்கும் உரிமை சேகரித்தவரை விட்டு அக்குடும்பத்தைச் சேர வேண்டும்.